டிஜிட்டல் காட்சியை மென்மையாக்கல்: 'வழக்கு எண் 18/9' படத்தை முன்வைத்து

டிஜிட்டல் கேமராவில் பதிவான காட்சியின் கூர்மையைக் குறைத்து, படச்சுருளில் எடுத்தது போன்ற தோற்றம் தருவது மென்மையாக்கல் ஆகும். லென்ஸின் முன் ஃபில்டர் பொருத்துதல், படத்தொகுப்பில் மங்கலாக்குதல், செயற்கையாகத் துகள்களைச் சேர்த்தல் ஆகியவை இதன் வழிகள்.

பின்னணி

படச்சுருளில் வெள்ளி உப்புத் துகள்கள் ஒவ்வொரு சட்டகத்திலும் வெவ்வேறு விதமாக அமைந்திருக்கும். டிஜிட்டலில் பிக்சல்கள் இடம் மாறுவதில்லை. பல கேமராக்கள் உருவங்களின் விளிம்புகளைத் தாமாகவே கூர்மையாக்குவதால், முகம் கத்தரித்து ஒட்டியது போலத் தெரியும். இக்குறையை மென்மையாக்கல் ஓரளவு சரிசெய்யும். ஆனால் அதிக வெளிச்சத்தில் வெளுத்துப்போன வானத்தை அதனால் மீட்க முடியாது. அங்கே மீட்பதற்கு விவரம் எதுவும் பதிவாகியிருக்காது.

தமிழ்த் திரைப்படங்களில்

பி. சி. ஸ்ரீராம் இயக்கிய 'வானம் வசப்படும்' (2004), கமல்ஹாசன் நடித்த 'மும்பை எக்ஸ்பிரஸ்' (2005) ஆகியவை டிஜிட்டலில் எடுக்கப்பட்ட தொடக்ககாலத் தமிழ்ப் படங்கள். அக்கால எச்.டி. கேமராக்களில் பெரும்பாலும் 2/3 அங்குல சென்சார் இருந்தது. சென்சார் சிறியதாக இருந்தால் முன்னால் நிற்பவரும் பின்னாலுள்ள சுவரும் ஏறத்தாழ ஒரே தெளிவில் பதிவாகும்.

பாலாஜி சக்திவேலின் 'வழக்கு எண் 18/9' (2012) படத்தை விஜய் மில்டன் கேனான் 7டி என்ற புகைப்படக் கேமராவில் ஒளிப்பதிவு செய்தார். அதன் சென்சார் சுமார் 22 மி.மீ. அகலமுடையது, 35 மி.மீ. திரைப்படச் சட்டகத்தின் அகலத்துக்கு நெருக்கமானது. ஆகவே முகத்தைத் தெளிவாக வைத்துக்கொண்டு பின்னணியை லென்ஸாலேயே கரைக்க முடியும். சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதை இப்படம் பெற்றது.

மதிப்பீடு

மென்மை முகத்தைச் சுற்றி இருக்கலாம். முகத்தின் மேல் படியக் கூடாது. சாலையோர உணவுக்கடையில் உழைக்கும் வேலு, வீட்டுவேலை செய்யும் ஜோதி ஆகியோரின் கறுத்த தோலும் வியர்வையும் களைப்புமே இக்கதையின் சாட்சிகள். ஜோதியின் முகம் அமிலத்தால் சிதைக்கப்படும் கதையில் அந்தச் சாட்சியை மழுப்பினால் படத்தின் நியாயமே போய்விடும். மென்மையாக்கல் என்ற பெயரில் தோலை வழவழப்பாக்குவது பல சமயம் நிறத்தை வெளுப்பாக்குவதிலேயே முடிகிறது.

மென்மையாக்கல் முற்றிலும் தேவையற்றது என்பதும் சரியல்ல. அத்தகைய புகைப்படக் கேமராக்களில் கோடு போட்ட சட்டையும் செங்கல் சுவரும் அலையடிப்பது போலத் தெரியும். அந்த இடத்தில் சிறிது மென்மை மருந்தாகும். மருந்தையே உணவாக்குவதுதான் தவறு.

மாணவர்களுக்கு

சுங்குவார்சத்திரம் பேருந்து நிறுத்தத்தில், இரவுப் பணி முடித்து விடியற்காலையில் வந்து இறங்கும் தொழிலாளி ஒருவரை, அவருடைய அனுமதியுடன் படமெடுப்பதாகக் கொள்வோம். நொடிக்கு 24 சட்டகம், ஷட்டர் 1/50 நொடி என அமைத்தால் அசைவு திரைப்படத்தின் இயல்பைப் பெறும். விளக்குகளின் மினுமினுப்பும் குறையும். கேமராவின் கூர்மை அளவைக் குறைத்து, வெளிச்சம் வெளுக்காமல் பார்த்துக்கொண்டாலே பெரும்பகுதி வேலை முடிந்துவிடும். அதன் பிறகும் மென்மை வேண்டுமெனில், அவர் கண்ணிலுள்ள தூக்கமின்மை மறையும் இடத்துக்கு முன்பே நிறுத்திவிட வேண்டும்.