கொடுங்கோன்மையும் சர்வாதிகாரமும்

கொடுங்கோன்மை, சர்வாதிகாரம் என்னும் இரண்டையும் ஒருபொருட்சொற்களாக ஆள்வார் உளர். யாம் உடன்படோம். முன்னதிற் 'கொடு' என்பது வளைவு. கொடுவாள், கொடுமரம் என்பவற்றுள்ளும் அதுவே. முறையானது ஒருபாற் சாயாமையின் செவ்விய கோலை ஒக்கும் எனச் செங்கோலுக்குப் பரிமேலழகர் கூறும் விளக்கமும் இதற்கு அரணாம். வளைந்தது நிமிர்தலும் கூடும். பாண்டியனுடைய உயிர் பிரிந்து அவன் கோலை நிமிர்த்திற்று எனச் செங்குட்டுவன் வாயிலாக இளங்கோவடிகள் உணர்த்துவர். பின்னது அதிகாரத்தின் அளவை மட்டுமே சுட்டும் வடசொல். முறையை அது வினவுவதன்று. பெரும்பாலும் ஆறு திங்கட்கே அமர்த்தப்பெற்ற பண்டை உரோமச் சர்வாதிகாரிகளுள், பணி முடிந்தவுடன் பதவி துறந்தாரும் உளர். அவரைக் கொடுங்கோலர் என்னல் யாங்ஙனம்? இம்மயக்கம் சொல்லாராய்ச்சியளவில் நிற்பதன்று. வாக்குரிமையால் அமைந்த அரசும் குடிகளிடை ஒருபாற் கோடுமாயின் கொடுங்கோன்மையே. அதனைச் 'சர்வாதிகாரம் அன்று' எனக் காட்டி விடுவிப்பார்க்கு நம் சொற்குழப்பமே துணையாகின்றது.