உலர்ந்த இன்ஜினுக்கு முதல் எண்ணெய்

காஞ்சிபுரத்தை அடுத்த முசரவாக்கத்தின் வயல்களில் உழும் ஒரு டீசல் டிராக்டர், லைனர், பிஸ்டன், பேரிங் யாவும் மாற்றப்பட்டு மீண்டும் பூட்டப்படுகையில், மெக்கானிக்கின் கைத்திறனை அறிய இன்ஜின் முழங்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. அதற்கு முந்தைய அரை மணி நேரமே போதும். உலர்ந்துகிடக்கும் எண்ணெய் வழிகளை நிரப்பி, உராயும் பரப்புகளை முன்கூட்டியே நனைத்துவைக்கும் வேலை அப்போதுதான் நடக்கிறது.

கிராங்க் தண்டு, ஓடும் நிலையில், தன்னைத் தாங்கும் பேரிங்கைத் தொடுவதில்லை. சுழற்சியே எண்ணெயைக் குறுகிய இடுக்குக்குள் இழுத்துச் சென்று அழுத்தத்தை உண்டாக்குவதால், மயிரிழையினும் மெல்லிய எண்ணெய்ப் படலத்தின்மேல் தண்டு மிதக்கிறது. 1883இல் இங்கிலாந்தில் ரயில் அச்சுப் பேரிங்குகளை ஆராய்ந்த பீச்சம் டவர், எண்ணெய் ஊற்றத் துளைத்த ஓட்டையை மரக்கட்டையால் அடைத்தபோது, உள்ளே எழுந்த அழுத்தம் கட்டையையே வெளியே தள்ளக் கண்டார். 1886இல் ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் அதற்குக் கணித விளக்கம் தந்தார். ஆனால் எண்ணெய் வந்து சேராத இடத்தில் படலம் ஏது? இன்ஜின் பற்றிக்கொள்ளும் முதல் சில நொடிகளில், உலோகத்தை உலோகம் உரசிவிடுகிறது.

எண்ணெயை அனுப்பும் பற்சக்கர பம்பு, உலர்ந்திருந்தால் காற்றைத்தான் சுற்றிக்கொண்டிருக்கும். கிணற்று மோட்டாருக்குத் தண்ணீர் ஊற்றி உயிர்கொடுக்கும் விவசாயிக்கு இதை விளக்கவே வேண்டாம். அதனால் தேர்ந்த மெக்கானிக் பம்பின் பற்களுக்கிடையே எண்ணெயையோ வாசலினையோ அடைத்துப் பூட்டுகிறார். பில்டரையும் நிரப்பியே மாட்டுகிறார். பின்னர், காற்றழுத்தம் ஏற்றிய சிறு தொட்டியிலிருந்து குழாய்வழியே, ஆயில் பிரஷர் கேஜ் பொருந்தும் துளை மூலம், இன்ஜின் உடலின் முதன்மை எண்ணெய் வழியான கேலரிக்குள் எண்ணெயைச் செலுத்துகிறார். இவ்வேலையின் நயம் இங்கேதான் உள்ளது: பல இன்ஜின்களில் மேலேறும் துளை, கேம் தண்டு ஒரு குறிப்பிட்ட நிலைக்கு வரும்போது மட்டுமே திறப்பதால், எண்ணெய் செல்லச் செல்லக் கிராங்கைக் கையால் மெல்லத் திருப்பியாக வேண்டும். மேல்மூடி கழற்றிய தலைப்பகுதியில், வால்வுகளை அழுத்தும் ராக்கர்களின் ஓரத்தில் முதலில் குமிழிகள் வெடிக்கின்றன. அப்புறம் குமிழியற்ற எண்ணெய் கசிந்து வழிகிறது. அந்தக் கசிவைக் காணும்வரை நல்ல மெக்கானிக் மூடியைப் பூட்டுவதில்லை.

தொட்டி வசதியில்லாத பட்டறையில், ஸ்டாப்பை இழுத்துப் பிடித்து, அதாவது டீசலை நிறுத்திவைத்து, விட்டுவிட்டுச் சிறிது நேரம் மட்டும் செல்ஃப் அடித்து, கேஜின் முள் எழுகிறதா என்று பார்ப்பார்கள். பூட்டும்போது தடவிய எண்ணெயே போதும் என்போரும் உண்டு. பூட்டிய அன்றே ஓட்டுவதானால் ஓரளவு சரி, வாரக்கணக்கில் கிடந்த இன்ஜினில் அது வடிந்துபோயிருக்கும். அவர்களின் அவசரத்தால் விழும் கீறல் அன்று வெளியே தெரியாததே அவர்களைக் காப்பாற்றுகிறது.

இன்ஜின் வேலைக்கு வண்டியை விடுபவர்கள், முதல் ஸ்டார்ட்டுக்கு முன் ராக்கரில் எண்ணெய் வந்ததைக் காட்டும்படி மெக்கானிக்கிடம் கேட்க வேண்டும். தயங்காமல் காட்டுபவரிடமே அடுத்த முறையும் விடலாம்.