விதியின் பாடல் (சேர்ந்திசை)

விதியின் பாடல் (ஜெர்மன் மொழியில் ஷிக்ஸால்ஸ்லீட்) என்பது இசையமைப்பாளர் யோஹான்னஸ் பிராம்ஸ் நான்கு குரல் சேர்ந்திசைக் குழுவுக்கும் ஆர்க்கெஸ்ட்ராவுக்கும் எழுதிய படைப்பு. தனிப்பாடகர் எவரும் இல்லை. வழிபாட்டுக்காக எழுதப்பட்டதும் அன்று. மனிதருக்கு மட்டும் ஏன் இளைப்பாற இடமில்லை என்பதே இதன் கேள்வி.

பாடலின் சொற்கள் ஹோல்டர்லின் எழுதிய 'ஹைப்பீரியன்' என்ற புதினத்தில் வரும் கவிதை. 1868 கோடையில் நண்பர் ஆல்பர்ட் டீட்ரிக்கின் வீட்டு நூலகத்தில் பிராம்ஸ் அதைப் படித்தார். முடிவை எப்படி அமைப்பது என்ற குழப்பத்தால் வேலை இழுத்தது. 1871 அக்டோபர் 18 அன்று கார்ல்ஸ்ரூவில் முதன்முதலாக அரங்கேறியது.

கவிதையின் முதல் இரண்டு பத்திகளில் தேவர்கள் ஒளியில் உலவுகிறார்கள்; விதி அவர்களைத் தீண்டுவதில்லை. மூன்றாவதில் மனிதர்கள், பாறைக்குப் பாறை எறியப்படும் நீரைப் போல, அறியாத ஆழத்தில் விழுகிறார்கள். கவிஞர் அதோடு நிறுத்திவிடுகிறார். ஆறுதலாக ஒரு சொல்கூட இல்லை.

இசை ஈ-பிளாட் மேஜரில், முரசின் மெல்லிய துடிப்பின் மேல் அமைதியாகத் தொடங்குகிறது. மூன்றாம் பத்தி சி மைனரில் சீறி எழுகிறது. நீர் பாறையில் மோதும் இடத்தில் பிராம்ஸ் சொற்களை இடைவெளிவிட்டுத் துண்டாக்கித் தாளத்துக்குக் குறுக்கே வைக்கிறார். ஜெர்மன் தெரியாதவருக்கும் கால் இடறுவது புரியும். படைப்பின் மிகச் சிறந்த பகுதி இதுவே என்பேன்.

விவாதம் முடிவைப் பற்றியது. பாடகர்கள் ஓய்ந்தபின் தொடக்க இசை திரும்பி வருகிறது, ஆனால் சி மேஜரில். முதலில் பாடகர்கள் தொடக்க வரிகளை மீண்டும் பாடுவதாக பிராம்ஸ் எழுதியிருந்தார். நடத்துனர் ஹெர்மன் லெவி வேண்டாம் என்றார். கவிஞர் சொல்லாத ஒன்றைத் தான் சொல்வதாக பிராம்ஸே கடிதத்தில் ஒப்புக்கொண்டார். கவிதைக்கு இழைத்த துரோகம் இது என்று குறை கூறுவோர் உண்டு.

அந்தக் குறை பொருந்தாது. பாடகர்கள் மீண்டும் பாடியிருந்தால் அது மனிதர் தமக்குத் தாமே சொல்லிக்கொள்ளும் சமாதானமாகியிருக்கும். இப்போதோ கேள்வி கேட்டவர்கள் மேடையில் வாய்மூடி நிற்கிறார்கள். ஒளி மட்டும் திரும்புகிறது. அதுவும் தேவர்களின் ஈ-பிளாட்டுக்கு அன்று, மனிதர் விழுந்த அதே சி சுரத்துக்கு. அந்த ஒளி அவர்களுக்கானதா என்று இசை சொல்வதில்லை.

பாட்டு முடிந்ததென்று ஒலிப்பதிவை நிறுத்திவிடும் மாணவர்கள் இந்தக் கடைசி நிமிடங்களைத் தவறவிடுகிறார்கள்.