வேளாங்கண்ணியின் சின்ன அலை

செப்டம்பர் 8 மாதா திருவிழாவில் இங்கே அலை தெரியாது, தலைகள்தான் தெரியும். கூட்டம் வடிந்த பிறகு விடியற்காலையில் போக வேண்டும். நிலத்திலிருந்து வீசும் காற்று அலையின் முகத்தை நிமிர்த்திப் பிடிக்கும். வெயில் ஏறிக் கடற்காற்று கிளம்பிவிட்டால் எல்லாம் கலங்கல்.

பாறையே இல்லாத மணல் கடற்கரை. நீரின் ஆழத்தில் முக்கால் பங்கை அதன் உயரம் தாண்டியதும் அலை உடைகிறது. மணல்திட்டு நகர்ந்தால் உடையும் இடமும் நகரும். நேற்றுப் பார்த்து வைத்தது இன்று உதவாது.

தெற்கிலிருந்து வரும் பேரலைகளை இலங்கை மறித்துக்கொள்கிறது. வாடைக்காற்றில்தான் உயரம், கூடவே முரட்டுத்தனமும். சர்ஃபிங்காரர்கள் கோவளம், மாமல்லபுரம் போவது நியாயமே. எனக்கென்னவோ இடுப்பளவு எழுந்து, அவசரமில்லாமல் உருளும் இந்த அலைதான் பிடிக்கும். பலகை கூட வேண்டாம், நெஞ்சைக் கொடுத்தால் போதும்.