குண்டு விழுந்த ஊர்

கடலூர் பக்கம் நீங்கள் ஒரு மனை வாங்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். என்ன செய்வீர்கள்? பட்டா கேட்பீர்கள். வில்லங்கச் சான்று போட்டுப் பார்ப்பீர்கள். சர்வேயரைக் கையோடு கூட்டிப்போய் அளக்கச் சொல்லி, நாலு மூலையிலும் கல் நடுவீர்கள். மூணே சென்ட் இடத்துக்கு இத்தனை அமர்க்களம்.

1690-ல் இதே கடலூரில் ஒரு கம்பெனி இடம் வாங்கியது. சர்வேயரும் இல்லை, சங்கிலியும் இல்லை. தேவனாம்பட்டினம் கோட்டையில் ஒரு பீரங்கியை நிறுத்தினார்கள். ஒரு பக்கம் சுட்டார்கள். திருப்பி வைத்து இன்னொரு பக்கம் சுட்டார்கள். குண்டு போய் விழுந்த தூரம் வரைக்கும் இருந்த ஊரெல்லாம் கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் சொந்தம். கடலூர் டவுனும் அதில் அடக்கம். கல் நடுகிற வேலையே இல்லை. குண்டுதான் கல்!

அந்த ஊர்களுக்குக் 'குண்டு கிராமங்கள்' என்று பெயர்.

இந்தக் கதையை நீங்கள் எங்காவது கேட்டிருப்பீர்கள். கடலூர்க்காரர் யாராவது நண்பராக இருந்தால் கட்டாயம் கேட்டிருப்பீர்கள். நானும் நாலைந்து பேருக்குச் சொல்லியிருக்கிறேன். சொல்லி முடித்ததும் எல்லோரும் சிரிப்பார்கள். 'வெள்ளைக்காரன் மூளையைப் பாருய்யா' என்று ஒருத்தராவது சொல்வார். அந்தச் சிரிப்பில் ஏதோ இடிக்கிறது என்று எனக்கு உறைத்தது, கதையைப் புத்தகத்தில் படித்த பிறகுதான்.

புத்தகம், தென்னாற்காடு மாவட்ட கெசட்டியர். 1906-ல் அச்சானது. எழுதியவர் டபிள்யூ. பிரான்சிஸ் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி. மதுரை, பெல்லாரி, அனந்தப்பூர், விசாகப்பட்டினம், நீலகிரி மாவட்டங்களுக்கும் கெசட்டியர் எழுதியவர் இவர்தான். 1901 சென்னை மாகாண மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்தியவரும் இவரே. இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. இறக்கிப் படிக்கலாம்.

அரசாங்கப் புத்தகம்தானே, தூக்கம் வரும் என்று நினைத்துத்தான் பிரித்தேன். வரவில்லை. மனுஷர் ரசித்து எழுதுகிறார். மண், மழை, நெசவு, சண்டை, சிதம்பரம் கோயில், பரங்கிப்பேட்டை... எதையும் விடவில்லை. சிரிக்காத முகத்தோடு கிண்டல் செய்கிற ஆசாமி. நம் ஊர் மாவட்டக் கையேடுகளையும், ஆண்டுதோறும் வருகிற 'சாதனை மலர்'களையும் நினைத்தால் அழுகை வரும்.

ஆனாலும் இந்தப் புத்தகத்தின்மேல் எனக்கொரு கோபம் உண்டு. அதைச் சொல்வதற்கு முன்னால் அந்த வியாபாரத்தைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். பி.காம். படித்தவன். கொடுக்கல் வாங்கல் என்றால் சும்மா தாண்டிப் போக முடிவதில்லை.

விற்றவர் யார்? ராஜாராம். சத்ரபதி சிவாஜியின் மகன். முகலாயப் படை துரத்த, மகாராஷ்டிரத்திலிருந்து தப்பி, 1689 கடைசியில் செஞ்சிக்கோட்டைக்கு வந்து சேர்ந்தவர். பின்னாலேயே சுல்ஃபிகர் கான் படையோடு வந்துவிட்டான். செஞ்சி முற்றுகை 1698 வரை நீடித்தது. அதாவது, விற்கிறவர் கழுத்தில் கத்தி இருக்கிறது. படைக்குச் சம்பளம் கொடுக்கப் பணம் வேண்டும். பொண்ணு கல்யாணத்துக்கு வயலை விற்கிறவன் என்ன பேரம் பேச முடியுமோ, அதுதான் அவருக்கும்.

வாங்கியவர் யார்? கம்பெனி சார்பில் எலிஹு யேல், மெட்ராஸ் கவர்னர். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குப் பேர் கொடுத்தவர் இவர்தான். இந்த பேரத்துக்கு இரண்டு வருஷம் கழித்து அவர் பதவியே போனது, சொந்த வியாபாரம் பார்த்தார் என்ற புகார்களோடு. அது தனிக் கதை.

கோட்டையோடு, ஒரு பீரங்கிக் குண்டு போகிற தூரம் வரை உள்ள இடமும் சேர்த்தி. இதுதான் பேச்சு. யாருடைய பீரங்கி, எவ்வளவு மருந்து போடலாம் என்றெல்லாம் பேசிக்கொள்ளவில்லை. ஒப்பந்தத்தில் பொடி எழுத்து இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்குக் கல்லூரியில் சொல்லிக்கொடுக்க வேண்டிய பாடம் இது! மெட்ராஸ் கவுன்சில் தெளிவாக இருந்தது. இருக்கிறதிலேயே நல்ல பீரங்கியாகப் பார்த்து, தேர்ந்த ஆளை வைத்துச் சுடச் சொன்னது. எவ்வளவு தூரம் போகும் என்பது சுடுகிறவன் கைத்திறமையில் இருக்கிறது என்கிற பொருளில் கடிதமும் எழுதியது. 1690 செப்டம்பரில் சுட்டார்கள்.

விற்கப்பட்டது மண் அல்ல, கவனியுங்கள். உழுகிறவன் அதே வயலைத்தான் மறுநாளும் உழுதான். கைமாறியது வரி வாங்குகிற உரிமை, சந்தையில் சுங்கம் வாங்குகிற உரிமை, வழக்கு வந்தால் தீர்ப்புச் சொல்கிற உரிமை. சுருக்கமாக, அந்த ஊர்களின் ஆட்சி. காலையில் மராட்டிய ராஜாவின் குடியாக எழுந்தவன், மத்தியானம் காதைப் பிளக்கிற சத்தம் ஒன்றைக் கேட்டான், சாயந்திரம் லண்டனில் இருக்கிற யாரோ பங்குதாரர்களின் குடியாகத் தூங்கப் போனான். அவனிடம் யாரும் கேட்கவில்லை. கேட்கிற வழக்கமும் அன்றைக்கு இல்லை.

இப்போது என் கோபத்துக்கு வருகிறேன். பிரான்சிஸ் இந்தக் கதையை முழுக்கப் பீரங்கிக்குப் பின்னால் நின்றுகொண்டு சொல்கிறார். யேல் என்ன நினைத்தார், கவுன்சில் என்ன எழுதியது, டச்சுக்காரன் எப்படிக் கண் வைத்திருந்தான், எல்லாம் தெரிகிறது. குண்டு வந்து விழுந்த பக்கம் யார் நின்றுகொண்டிருந்தார்கள்? ஒரு முகம்கூட இல்லை. பாவம், அவர் கையில் இருந்தது கம்பெனிக் கடிதங்கள்தான், வேறெதை வைத்து எழுதுவார் என்று நீங்கள் கேட்கலாம். நியாயம். ஆனால், ஒரு தடயம் அவர் கையிலேயே இருந்தது. அந்தப் பெயர். குண்டு கிராமம் என்கிற பெயர் அவர் காலம் வரைக்கும் வழக்கில் இருந்தது. இருநூறு வருஷத்துக்கு மேலாக ஒரு ஜனக்கூட்டம் தங்கள் ஊரை அப்படிச் சொல்லிக்கொண்டிருக்கிறது. வாங்கினவன் வைத்த பெயர் செயின்ட் டேவிட் கோட்டை. குண்டு கிராமம் என்பது வாங்கப்பட்டவன் வைத்த பெயர். இந்தக் கதையில் அவன் பேசிய ஒரே வார்த்தை அதுதான். பிரான்சிஸ் அதை ஒரு வேடிக்கையாக எழுதிவிட்டு அடுத்த சண்டைக்குப் போய்விடுகிறார்.

அதே புத்தகத்தில் பின்னால் உள்ளாட்சி பற்றி ஓர் அத்தியாயம் இருக்கிறது. சின்ன அத்தியாயம். எத்தனை பேர் இதுவரை படித்திருப்பார்கள் என்று தெரியவில்லை. நீங்கள் கதையைப் படித்த கையோடு இதையும் படிக்க வேண்டும்.

1882-ல் ரிப்பன் பிரபு, உள்ளூர் விஷயத்தை உள்ளூர்க்காரர்களே பார்த்துக்கொள்ளட்டும் என்று தீர்மானம் போட்டார். 1884-ல் மெட்ராஸில் அதற்குச் சட்டம் வந்தது. ஜில்லா போர்டு, தாலுகா போர்டு, சில கிராமங்களைச் சேர்த்து யூனியன். கடலூரில் 1866-லிருந்தும் சிதம்பரத்தில் 1873-லிருந்தும் முனிசிபாலிட்டி வேறு இருந்தது. எல்லாம் சரி, ஜில்லா போர்டுக்குத் தலைவர் யார் தெரியுமா? கலெக்டர்! தாலுகா போர்டுக்கு? அந்தக் கோட்டத்து ரெவின்யூ அதிகாரி! ஊர்க்காரனுக்கு வீட்டு வரி கட்டுகிற உரிமை தாராளமாகக் கிடைத்தது. கணக்கைப் பார்த்தால், நிலவரியோடு சேர்த்து வாங்கிய செஸ், சாலைச் சுங்கம் என்று வரவுப் பக்கம் பூராவும் ஊர்ப் பணம். பேனா மட்டும் கலெக்டர் கையில். இதற்கு 'லோக்கல் செல்ஃப் கவர்ன்மென்ட்' என்று தலைப்புப் போட்டிருக்கிறார் பிரான்சிஸ். கிண்டல்காரர் ஆயிற்றே, இந்த இடத்தில் ஒரு வரி கிண்டல் பண்ணியிருக்கலாம். பண்ணவில்லை.

'அது வெள்ளைக்காரன் காலம் சார், இப்போ என்ன?' என்பீர்கள்.

கடலூர் மாவட்டத்தில் 683 கிராம ஊராட்சிகள். 1994-ல் பஞ்சாயத்துச் சட்டம் வந்தது, 1996-லிருந்து ஒழுங்காகத் தேர்தல் நடந்தது. 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய தேர்தலை ஐகோர்ட் ரத்து செய்தது. அதற்கப்புறம் மூன்று வருஷத்துக்கு மேல் தனி அலுவலர் ஆட்சி. 2019 டிசம்பரில் ஒருவழியாகத் தேர்தல். அந்தச் சமயத்தில்தான் பண்ருட்டிப் பக்கம் ஒரு ஊரில் தலைவர் பதவி 50 லட்சத்துக்கும் துணைத் தலைவர் பதவி 15 லட்சத்துக்கும் ஏலம் போனதாகச் செய்தி வந்து நாடே கைகொட்டிச் சிரித்தது. 1690-க்கு இது எவ்வளவோ மேல், ஏலம் கேட்டவராவது உள்ளூர்க்காரர் என்று என்னால் ஜோக் அடிக்க முடியும். அடிக்க மனசு வரவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

சிதம்பரம் பக்கத்தில் புவனகிரியை ஒட்டி தெற்குத்திட்டை என்று ஒரு ஊராட்சி. ஆதிதிராவிடப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்ட தலைவர் பதவிக்கு ஜெயித்து வந்த ஒரு பெண்மணி, ஊராட்சிக் கூட்டத்தில் தரையில் உட்கார்ந்திருக்கிறார். மற்றவர்கள் நாற்காலியில். 2020 அக்டோபரில் அந்தப் புகைப்படம் வெளியே வந்தது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் போட்டார்கள். ஊராட்சிச் செயலாளரைச் சஸ்பெண்ட் செய்தார்கள். படம் வெளியே வராமல் இருந்திருந்தால்?

அந்தப் படத்தை நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கெசட்டியரில் இல்லாமல் போன முகம் இதுதான் என்று தோன்றியது. ராஜா மாறினான், கம்பெனி வந்தது, ராணி வந்தாள், சுதந்திரம் வந்தது, சட்டம் வந்து நாற்காலியும் வந்தது. உட்காரத்தான் விடவில்லை. இதற்கு வெள்ளைக்காரனைச் சொல்லிப் பிரயோஜனம் கிடையாது. தரையைக் காட்டியது உள்ளூர்க் கைதான். ஊர் ஆட்சி ஊர்க்காரர் கையில் இருந்தால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கிறவர்கள் (நானும் அப்படி நினைத்தவன்தான்) ஊர்க்காரர் என்றால் எந்தத் தெருக்காரர் என்று கேட்டுக்கொண்டதில்லை. குண்டு விழுந்த நாளில்கூட எல்லாத் தெருவுக்கும் ஒரே மாதிரி வலித்திருக்காது. பிரான்சிஸ் அதை எழுதவில்லை. கதையைச் சொல்லிச் சிரிக்கிற நாமும் அதைக் கேட்டதில்லை.

2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு அந்தத் தலைவர்கள் எல்லோருடைய பதவிக்காலமும் முடிந்தது. தேர்தல் நடக்கவில்லை. மறுபடியும் தனி அலுவலர்கள். கிராம ஊராட்சிகளுக்கு யார் என்றால், வட்டார வளர்ச்சி அலுவலர். மாவட்டத்தில் 14 ஒன்றியங்கள். 683-ஐ 14-ஆல் வகுத்துப் பாருங்கள், ஓர் அதிகாரிக்குச் சராசரியாக 49 ஊர்! பிரான்சிஸ் இருந்தால் தன் அத்தியாயத்தில் பெரிதாக எதையும் திருத்த வேண்டியிருக்காது.

அதே வருஷத் தொடக்கத்தில்தான் தமிழ்நாடு முழுக்கப் பல கிராம ஊராட்சிகளை நகராட்சி, மாநகராட்சிகளோடு சேர்க்கும் அறிவிப்பும் வந்தது. நகரம் வளர்கிறது, எல்லையும் வளரத்தான் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆட்சேபம் சொல்ல அவகாசமும் கொடுத்தார்கள். பீரங்கிக்காரன் தராத சலுகை. ஆனாலும் ஊர் ஊராக ஜனங்கள் மனுவோடு கலெக்டர் ஆபீஸுக்கு ஓடினார்கள். வீட்டு வரி ஏறிவிடும், நூறு நாள் வேலை போய்விடும் என்பது அவர்கள் பயம். தங்கள் ஊர் எந்தக் கோட்டுக்கு உள்ளே விழுந்தது என்பதைப் பேப்பர் பார்த்துத் தெரிந்துகொண்டவர்கள்தான் அதில் பாதிப் பேர்.

அந்த ஆகஸ்டில் தேவனாம்பட்டினம் போனேன். வெள்ளிக் கடற்கரைக்குக் கூட்டம் வருகிறது, கோட்டைக்கு யாரும் வருவதில்லை. கோட்டையை 1758-லேயே பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து இடித்துவிட்டார்கள். மிச்சம் மீதியைத் தேடிக் கெடிலக்கரைப் பக்கம் சுற்றிவிட்டு, ஒரு டீக்கடையில் ஒதுங்கினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், பக்கத்து ஊராட்சிக்காரர், அறுபது வயசிருக்கும். பேச்சுக் கொடுத்தேன்.

"குண்டு கிராமம்னு கேள்விப்பட்டிருக்கீங்களாண்ணே?"

"தெரியுமே. எங்க தாத்தா சொல்லும். எங்க ஊருகூட அதுல ஒண்ணுன்னு." டீயை ஆற்றினார். "நீங்க எந்த டிப்பாட்மென்ட்டு சார்?"

பத்திரிகைக்காரன் என்றேன்.

"அப்ப ஒண்ணு எழுதுங்க. எங்க தெருவுல ஆறு மாசமா பைப்புல தண்ணி வரல. முன்னாடின்னா தலைவர் வீட்டு வாசல்ல போயி நின்னு சத்தம் போடுவோம். இப்ப யார் வீட்டு வாசல்ல போயி நிக்கறது, சொல்லுங்க?"