நெம்மேலிக் கடலைக் கைப்பேசியில் படிக்க முடியுமா? விண்டி, சமுத்ரா: ஓர் அனுபவ அலசல்

நெம்மேலிக்கு நேராகச் செயலியின் வரைபடத்தில் விரலை வைத்தால் 'அலை 1.2 மீட்டர்' என்று வருகிறது. அதை நம்பிக் கடலில் இறங்கலாமா? இந்தக் கேள்வியோடுதான் விண்டி வானிலைச் செயலியையும், மத்திய அரசின் கடல் தகவல் நிறுவனமான இன்காய்ஸின் சமுத்ரா செயலியையும், தென்மேற்குப் பருவத்தில் தொடங்கி வாடைக்காற்று மாதங்கள் வரை, இந்தக் கரையில் வைத்துப் பார்த்தேன். உயரத்தை மட்டும் படித்தால் கடலைப் பற்றி ஏறக்குறைய ஒன்றும் தெரியாது. அதன் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும் விநாடிக் கணக்கையும் சேர்த்துப் படித்தால் பாதிக் கடல் புரிந்துவிடும்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே இருக்கிறது நெம்மேலி. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையால் சென்னைவாசிகளுக்குப் பெயர் தெரிந்த ஊர். 2013இல் நாளுக்கு 10 கோடி லிட்டர் தரும் முதல் ஆலையும், 2024இல் 15 கோடி லிட்டர் தரும் இரண்டாவது ஆலையும் இங்கே திறக்கப்பட்டன. அலைச்சறுக்குக்காரர்கள் கூடும் கோவளத்தில் பாறை முனை உண்டு. மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோயிலை ஒட்டிப் பாறைகள் உண்டு. அங்கெல்லாம் அலை உடையும் இடம் ஓரளவு நிலையானது. நெம்மேலியோ நீண்டு திறந்து கிடக்கும் மணல் கரை. அலை எங்கே உடையும், எப்படி உடையும் என்பதை நீருக்கடியில் இருக்கும் மணல்திட்டுதான் முடிவு செய்கிறது. அந்தத் திட்டு பருவத்துக்குப் பருவம் நகரும். ஆலையை ஒட்டிய பகுதியில் கரையரிப்பைத் தடுக்கக் கொட்டிய பாறைகளும் உண்டு. கரை அரிக்கப்படுவது பற்றி நெம்மேலிக் குப்பத்து, சூளேரிக்காட்டுக் குப்பத்து மீனவர்கள் பல ஆண்டுகளாகக் குரல் கொடுத்து வருகிறார்கள். இப்படி மாறிக்கொண்டே இருக்கும் ஒரு கரையை எந்தச் செயலியும் உள்ளபடி அறிந்திருக்காது. இதை மனத்தில் வைத்துக்கொண்டே மேலே படியுங்கள்.

விண்டி செக் நாட்டில் உருவான செயலி. புயல் வரும் நாட்களில் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும், காற்றுச் சுழலும் வண்ணப்படம் பெரும்பாலும் இதிலிருந்து எடுத்ததுதான். பலரும் அந்தக் காற்றுப் படத்தோடு நின்றுவிடுகிறார்கள். கடற்கரைக்குப் போகிறவர் திறக்க வேண்டியது அலைப் பகுதியை. அங்கே மொத்த அலை, தொலைவிலிருந்து வரும் அலை, உள்ளூர்க் காற்று எழுப்பும் அலை என்று தனித்தனியாகப் பார்க்கலாம். ஒவ்வொன்றுக்கும் உயரம், திசை, இரண்டு அலைகளுக்கு நடுவிலான விநாடி ஆகிய மூன்றும் கிடைக்கும்.

செயலி சொல்லும் உயரம் எல்லா அலைகளின் உயரமும் இல்லை. எல்லா அலைகளிலும் மிகப் பெரிய மூன்றில் ஒரு பங்கை எடுத்து அவற்றின் சராசரியைத்தான் அது சொல்கிறது. ஆகவே 1.2 மீட்டர் என்று காட்டும் கடலில், நேரம் போகப் போக அதன் இருமடங்கை நெருங்கும் ஓர் அலையும் வரும். குழந்தையை முழங்கால் ஆழத்தில் நிறுத்தியிருக்கும் பெற்றோர் கவனிக்க வேண்டியது அந்த ஓர் அலையைத்தான்.

இனி விநாடி. 1.2 மீட்டர் உயரத்தோடு 6 விநாடிக்கு ஒன்று வரும் அலை, பக்கத்துக் காற்றில் எழுந்தது. ஆழ்கடலில் அதன் நீளம் சுமார் 56 மீட்டர். அதே உயரத்தோடு 13 விநாடிக்கு ஒன்று வரும் அலையின் நீளமோ 260 மீட்டரைத் தாண்டும். கரைக்குக் கொண்டுவரும் ஆற்றல் முதல் அலையைவிட இரண்டு மடங்குக்கும் மேல். ஆழம் குறையக் குறைய அது நிமிர்ந்து உயர்ந்து மொத்தமாக உடைகிறது. திரையில் இரண்டுக்கும் ஒரே 1.2தான். கரையில் நின்று பார்த்தால் இரண்டும் வேறு வேறு கடல்.

இதைச் சோதிப்பது எளிது. ஓர் அலை உடையும்போது ஸ்டாப்வாட்ச்சைத் தொடங்கி, அதற்கடுத்த பத்தாவது அலை உடையும்போது நிறுத்தி, பத்தால் வகுத்துப் பாருங்கள். ஆடி மாதக் காலைகளில், தெற்கிலிருந்து ஒரே சீராக அலை வரும்போது, விண்டி சொன்ன விநாடியும் என் கணக்கும் நெருங்கியே இருந்தன. ஐப்பசி, கார்த்திகையில் பலதிசை அலைகள் கலந்து வரும்போது மொத்த அலைக்கான விநாடி குழப்புகிறது. அப்போது தொலைவு அலையையும் காற்றலையையும் தனித்தனியே திறந்து பார்த்தால் படம் தெளிகிறது. இந்தச் செயலியை நான் விரும்புவதற்கு முதல் காரணம் இப்படிப் பிரித்துக் காட்டுவதுதான்.

இன்னொரு பயனும் உண்டு. நீண்ட விநாடி அலை வெகுதெற்கே, தென்பெருங்கடல் புயல்களில் பிறந்து வருவது. 15 விநாடி அலைக்கூட்டம் ஆழ்கடலில் மணிக்குச் சுமார் 42 கி.மீ. வேகத்தில், அதாவது நாளுக்கு 1,000 கி.மீ. அளவில் பயணம் செய்கிறது. நம் கரைக்கு வந்து சேர ஒரு வாரத்தை நெருங்கும். திரையில் 'வியாழக்கிழமை 14 விநாடி' என்று ஞாயிறே காட்டும்போது, அந்த அலை ஏற்கெனவே பிறந்து வழியில் வந்துகொண்டிருக்கிறது. அதனால் நான்கைந்து நாள் முன்னதாகச் சொல்லும் அலைக் கணிப்பை ஓரளவு தைரியமாக நம்பலாம். காற்றுக் கணிப்புக்கு அந்தத் தைரியம் கூடாது. மறுநாளுக்கு மேல் அதை வைத்துத் திட்டமிட வேண்டாம்.

திசையைப் படிப்பதில் நெம்மேலிக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. நமக்கு நேர்தெற்கே இலங்கை கிடக்கிறது. தென்மேற்கிலிருந்தும் நேர்தெற்கிலிருந்தும் வரும் அலையைப் பெரும்பாலும் அந்தத் தீவே வாங்கிக்கொள்கிறது. இலங்கையின் கிழக்குக் கரையைத் தாண்டி, தெற்கு-தென்கிழக்கிலிருந்து சற்றே சாய்ந்து வரும் அலைதான் நம்மிடம் முழு வலிமையோடு சேர்கிறது. வரைபடத்தில் கோணம் போட்டால் சுமார் 164 பாகைக்குக் கிழக்கே திசை இருக்க வேண்டும். ஆகவே இலங்கைக்குத் தெற்கே திரையில் பெரிய அலை சிவந்து தெரிந்தால் உடனே அலைச்சறுக்குப் பலகையைத் தூக்க வேண்டாம். விரலை நெம்மேலிக்கு எதிரே, கரையிலிருந்து சில கி.மீ. உள்ளே வைத்து, அங்கே என்ன மிஞ்சுகிறது என்று பாருங்கள். கரைக்கோட்டின் மேலேயே வைத்தால், செயலி கணக்கிடும் கட்டத்தில் பாதி நிலமாக இருக்கும். அலை எண் நம்பத்தக்கதாக இராது.

காற்றுக்கு இதே சிக்கல் வேறு விதமாக வருகிறது. விண்டி முதலில் காட்டும் ஐரோப்பியக் கணிப்பு மாதிரி சுமார் 9 கி.மீ. கட்டங்களாக உலகைப் பிரிக்கிறது. அமெரிக்க ஜி.எஃப்.எஸ். மாதிரியின் கட்டம் அதைவிடப் பெரியது. 9 கி.மீ. கட்டத்துக்குள் கடலும் மணலும் பக்கிங்காம் கால்வாயும் அதற்கு மேற்கே உள்ள நிலமும் ஒன்றாக அடங்கிவிடும். நெம்மேலியில் ஒரு நாளைத் தீர்மானிப்பதே நிலக்காற்று கடற்காற்றாகத் திரும்பும் நேரம்தான். ஜூன் முதல் செப்டம்பர் வரை காலையில் மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும். அது அலையின் முகத்தை எதிர்த்து வீசி வழவழவென்று நிறுத்தும். நடுப்பகலுக்கு மேல் கடற்காற்று புகுந்ததும் அதே அலை சிதறி நுரைத்துவிடும். இந்தத் திருப்பம் அரை மணி நேரத்தில் நடந்து முடிகிறது. இலவசப் பதிப்போ மூன்று மணி நேரத்துக்கு ஒரு கட்டமாகக் காட்டுகிறது. மணிக்கு மணி பார்க்கக் கட்டணப் பதிப்பு வேண்டும். என்னைக் கேட்டால் அந்தப் பணம் தேவையில்லை. 'முற்பகல் மேற்கு, பிற்பகல் தென்கிழக்கு' என்பதை இலவசப் பதிப்பே சொல்லிவிடுகிறது. திரும்பும் நேரத்தைக் கரையோரத் தென்னையின் ஓலை சொல்லும். சீக்கிரம் எழுந்து போகிறவருக்கு அதுவே போதும்.

ஆகஸ்ட், செப்டம்பர் மாலைகளில் மேற்கே எழுந்து கடலை நோக்கி வரும் இடிமேகங்களை இந்தப் பெரிய கட்ட மாதிரிகளில் நேரம் பிசகாமல் எதிர்பார்க்கக் கூடாது. அதற்கு இந்திய வானிலை ஆய்வுத் துறையின் சென்னை ரேடார் படத்தைத் திறந்து வைத்துக்கொள்வதே சரி. திறந்த மணலில் மின்னலுக்கு ஒதுங்க இடமே இல்லை.

திரையில் அறவே காணாத ஒன்று கரையோர நீரோட்டம். விண்டியில் நீரோட்டப் படம் உண்டு, அது பெருங்கடலுக்கானது. மார்பளவு நீரில் நிற்பவரைப் பக்கவாட்டில் தள்ளும் ஓட்டத்தை அது அறியாது. இங்கே குப்பத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவரிடம் கேட்டால் ஒரு வரியில் முடித்துவிடுகிறார்: "தெண்டி இழுக்குது தம்பி, எறங்குனா வடக்கால கொண்டு போய் வுட்ரும்." தெற்கிலிருந்து வடக்கே ஓடுவது தெண்டி, வடக்கிலிருந்து தெற்கே ஓடுவது வன்னி. தென்மேற்குப் பருவத்தில் சாய்ந்து வரும் அலை மணலையும் நீரையும் வடக்கே தள்ளுகிறது. வாடை மாதங்களில் திசை மாறுகிறது. அதிகாலை வலை போட்டு வந்தவர் அன்றைய ஓட்டத்தைக் கையால் உணர்ந்திருக்கிறார். எந்தக் கட்டணப் பதிப்பிலும் இந்தத் தகவல் கிடைக்காது. 'அண்ணே, இன்னிக்கு வெள்ளம் எப்படி?' என்று (நீரோட்டத்துக்கு இங்கே வெள்ளம் என்று பெயர்) கேட்டுவிட்டு இறங்குவதை நான் பழக்கமாக்கிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது சமுத்ரா. இதை வெளியிடும் இன்காய்ஸ் ஹைதராபாதில் இருக்கிறது. 1999இல் தொடங்கப்பட்டு, இப்போது புவி அறிவியல் அமைச்சகத்தின் கீழ் இயங்கும் நிறுவனம். 2007 முதல் நாட்டின் சுனாமி எச்சரிக்கை மையமும் அதுதான். புதுச்சேரி, கிருஷ்ணப்பட்டினம் போன்ற இடங்களில் அலையை நேரடியாக அளக்கும் மிதவைகளை வைத்திருக்கிறது. அளந்த கடலுக்கும் கணித்த கடலுக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்த நிறுவனம் என்பதால், எச்சரிக்கை விஷயத்தில் என் நம்பிக்கை இதன் மேல்தான். உயரலை, கள்ளக்கடல், புயல் அலை, சுனாமி எச்சரிக்கைகள் இதில் வருகின்றன. மீனவர்களுக்கு மீன்வளப் பகுதித் தகவலும் உண்டு. விண்டியைப் போல விரல் வைத்த இடமெல்லாம் துழாவும் சுகம் இதில் இல்லை. அதை எதிர்பார்த்து இதைத் திறக்கவும் வேண்டாம். அறிவிப்புகளை அனுமதித்து வைத்திருந்தால் போதும்.

அது ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு துயரம் சாட்சி. 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் சிக்கி இறந்தார்கள். அந்த நாட்களில் தென்தமிழகக் கரைக்குக் கள்ளக்கடல் எச்சரிக்கை விடப்பட்டிருந்தது. உள்ளூரில் காற்றே இல்லாமல், வானம் வெளுத்திருக்கும்போதே நீண்ட விநாடி அலை வந்து ஏறுவதுதான் கள்ளக்கடலின் இயல்பு. வானத்தைப் பார்த்துக் கடலை எடைபோடுகிறவர் அதில் ஏமாந்துபோவார். நெம்மேலிக்கு இலங்கையின் மறைப்பு கொஞ்சம் உதவுகிறது. கன்னியாகுமரிக்கு அந்த மறைப்பு இல்லை.

நட்சத்திரம் போட்டுத் தரும் அலைச்சறுக்குச் செயலிகளையும் பார்த்தேன். அவற்றின் பெயர் வேண்டாம். கோவளம் முனைக்குப் பொருந்தும் மதிப்பெண் நெம்மேலியின் மணல்திட்டுக்குப் பொருந்தாது. நான்கு நட்சத்திரம் விழுந்த காலையிலும் இங்கே அலை கரையோரம் ஒரே மடிப்பாக அடித்து மூடிக்கொண்டது. அலைச்சறுக்குக்காரருக்கு அது பயன்படாது. கற்றுக்கொள்பவரின் கழுத்துக்கோ ஆபத்து. நல்ல பருவம் எது என்று தெரிய நட்சத்திரம் தேவையுமில்லை. 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி மாமல்லபுரத்தில் நடந்தது. தென்திசை அலையும் காலைக் கச்சானும் கூடிவரும் மாதம் அது.

புயல் நேரத்தில் இரு செயலிகளின் வேலையும் மாறுகிறது. 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தை ஒட்டிக் கரையேறியது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் கடலில் தயங்கித் தயங்கி நின்று, 30ஆம் தேதி புதுச்சேரி அருகே கரையைத் தொட்டது. அப்படித் தயங்கும் புயலில் ஒரு மாதிரியின் படத்தை மட்டும் பகிர்வது தவறு. விண்டியில் ஐரோப்பிய, அமெரிக்க மாதிரிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். இரண்டும் ஒத்துப்போகாதவரை எதுவும் முடிவாகவில்லை என்று படிக்க வேண்டும். கரைக்குப் போகலாமா என்ற முடிவை மட்டும் வானிலைத் துறை, இன்காய்ஸ் அறிவிப்புகளிடம் விட்டுவிட வேண்டும்.

என் தீர்ப்பு இதுதான். நெம்மேலிக்கு விண்டியின் இலவசப் பதிப்பு போதும்; அதில் விநாடி, திசை, காலைக் காற்று என்ற வரிசையில் படியுங்கள், உயரத்தைக் கடைசியில் பாருங்கள். எச்சரிக்கைக்குச் சமுத்ரா கட்டாயம். 10 விநாடிக்கு மேல் காட்டினால், நீந்தப் பழகாதவர்கள் கணுக்காலுக்கு மேல் நீரில் இறங்க வேண்டாம். ஆலைப் பாறைகளின் ஓரத்தில் எந்த நாளும் இறங்க வேண்டாம். கரையில் மோதிய நீர் பாறையை ஒட்டித்தான் கடலுக்குள் திரும்புகிறது. அலை உடையாமல் அமைதியாகத் தெரியும் இடைவெளிதான் பெரும்பாலும் உள்ளிழுக்கும் ஓட்டம். அதில் சிக்கினால் கரையை நோக்கிப் போராடாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வாருங்கள்.

செங்கல்பட்டு மாவட்ட நிர்வாகத்துக்கு ஒரு வேண்டுகோள். முட்டுக்காடு முதல் மாமல்லபுரம் வரை, கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து மணலுக்கு இறங்கும் ஒவ்வொரு வழியிலும் ஒரு கரும்பலகை வையுங்கள். அன்றைய அலை உயரம், விநாடி, நீரோட்டத் திசை, இறங்கலாமா கூடாதா என்ற நான்கு வரிகளைத் தமிழில் தினமும் காலை ஆறு மணிக்குள் எழுதச் செய்யுங்கள். தகவல் இன்காய்ஸிடம் இருக்கிறது. நீரோட்டத்தைச் சொல்லக் குப்பத்து மீனவர்கள் இருக்கிறார்கள்.