ஏட்டில் துலங்கும் மருந்து

தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகத்தில் மன்னர் இரண்டாம் சரபோஜி காலத்தில் பெருகிய மருத்துவ ஓலைச்சுவடிகளைப் பேணுவது நிதானமான கைவேலை. கட்டை அவிழ்த்ததும் ஏடுகள் சலசலவெனச் சரியும். மென்தூரிகையால் தூசு நீக்கி, விளக்குக்கரி தடவித் துடைத்தால் எழுத்துக் கீறல்களில் மட்டும் கரி தங்கும். கண்ணுக்குத் தெரியாதிருந்த கஷாய அளவும் சூரணப் பக்குவமும் பளிச்சென்று துலங்கிவரும். எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காத காட்சி அது. பிறகு புல்தைலம் பூசுவார்கள். விறைத்த ஏடு மெல்ல வளைந்துகொடுக்கும். அந்த மணம் பூச்சிக்கு ஆகாது.

வசம்பு, கருஞ்சீரகம், மிளகு, கிராம்பு, பட்டை எல்லாம் இடித்து, சூடம் கலந்து, துணியில் முடிந்து அலமாரியில் வைப்பதும் உண்டு. மருந்து சொல்லும் ஏட்டுக்கு நாட்டுமருந்துச் சரக்கே காவல்! வாசம் தணிந்தால் முடிச்சை மாற்றவேண்டும். ஒரே கட்டில் நாடிநூலும் குழந்தை வைத்தியமும் கலந்து கிடந்தால், ஏடு ஏடாகப் படித்துப் பிரித்து அட்டவணையில் ஏற்றுவதற்குத்தான் பொறுமை அதிகம் வேண்டும்.